ஜாபஸ் போட்ட கையெழுத்து

மார்ச் 1811

அன்புள்ள அம்மாவுக்கு எலிகூ எழுதுவது. இந்தக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படியிருக்கிறது? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இந்த மாதம் பணம் அனுப்பவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. ஆயுதச்சாலை ஆட்களின் சம்பளம் வாஷிங்டனிலிருந்து மாதக்கணக்கில் தாமதித்துத்தான் வரும். ஆனால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கையெழுத்தைக் கணக்கர்களான நாங்கள் முன்கூட்டியே வாங்கிவிடுவோம். துப்பாக்கிக் குழல் அடிக்கும் ஜாபஸ் காய்ச்சலில் கிடந்தபோது, கட்டிலருகே போய் நான்தான் வாங்கினேன். மறு வாரம் அவர் இறந்துபோனார். போன செவ்வாய்க்கிழமைதான் பணம் வந்தது.

அவர் மனைவி லோயிஸ் வந்து கேட்டாள். அதிகாரி பட்டியலைக் காட்டி, “வாங்கிட்டேன்னு உன் புருஷன் கையெழுத்து போட்டிருக்கானே, இன்னும் என்னம்மா?” என்றார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பக்கத்தில் நின்ற நான் இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தேன்.

மாலையில் என் சம்பளத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். “நீங்க நல்லா இருக்கணும் தம்பி. பாவி மனுஷன், அவ்வளவு பணத்தையும் எங்க குடிச்சுத் தொலைச்சாரோ!” என்று அழுதாள். ஜாபஸ் குடித்து நான் பார்த்ததே இல்லை. அதையும் அவளிடம் சொல்லவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்புங்கள், ஜாபஸின் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும்படி. தபால் வண்டி கிளம்பப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் ஜாபஸை நல்லவர் என்று சொல்லுங்கள், அம்மா. யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

எலிகூ