நான் கோலுக்குள் நின்ற ஞாயிற்றுக்கிழமை

மாம்புரி
17.06.1997

அன்புள்ள மகன் எட்வினுக்கு அப்பா எழுதுவது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அம்மாவும் தங்கச்சி யூஜீனியாவும் நானும் நல்ல சுகம், மாலைதீவில் நீயும் மேலில் ஒரு நோவும் இல்லாமல் இருக்கத் தலவில அன்னம்மாள் துணை நிற்கட்டும். கடல் பக்கம் இறங்க முடியாததால் ஒரு மாதமாக உள்பக்கத்துக் களப்புத் தண்ணீரில்தான் தொழில். நேவிக்காரர் பாஸைப் பார்த்துத்தான் விடுகிறார்கள், பொழுது சாயுமுன் கரைக்கு வந்துவிட வேண்டும், ஆனாலும் இறாலும் ஓரா மீனும் கறிக்குக் குறைவில்லாமல் படுகிறது. யூஜீனியா கோயிலடிப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கிவிட்டாள். முப்பது பிள்ளைகள், பாதிப்பேர் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள். தொண்டை கட்டிப்போய் வருகிறாள், ஆனால் முகத்தில் சிரிப்பு. அம்மா நேற்றிலிருந்து உன் முறிந்த விரலைப் பற்றித்தான் எந்த நேரமும் கதை. இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் காலையும் மாலையும் கையை வைக்கட்டாம், கிளவுஸைக் காயவைக்காமல் போட வேண்டாமாம்.

இரண்டு மாதமாக உனக்குக் கடிதம் போடாமல் இருந்தது வேலையால் அல்ல. மார்ச் மாதம் இறுதிப் போட்டியில் நீ முன்னுக்கு ஓடிவந்து, பந்து உன் தலைக்கு மேலால் கோலுக்குள் போய், உன் கழகம் தோற்றது என்று கேள்விப்பட்டதும் நான் ஏசி எழுதிய கடிதம் உனக்கு மறந்திருக்காது. அதற்கு நீ நாலே வரியில் பதில் போட்டாய், உன்னை வெளியில் உட்கார வைத்துவிட்டார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்து என்னோடு தோணியில் ஏறுவதாக. அதை வாசித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரிகிறது, எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன்.

கோயில் பெருநாள் முடிந்து இந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பக்கத்து ஊர்க் கனமூலைப் பொடியன்களோடு பந்தடி வைத்திருந்தார்கள். அவர்கள் இரண்டு டிரக்டரில் பாட்டும் கூத்துமாக வந்து இறங்கிவிட்டார்கள், எங்கள் பக்கத்துக் கீப்பர் சாள்ஸைக் காணவில்லை. காலையில் புத்தளம் போனவன் அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான், வழியில் சோதனைச் சாவடியில் மறித்து வைத்துவிட்டார்கள். சுவாமியார் உடனே வாகனம் எடுத்துப் போனார், பொழுதுபட முன்னம் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், அது வேறு கதை. ஆனால் அந்த நேரம் கோலுக்குள் நிற்க ஆள் இல்லை. கனமூலையாருக்குப் பழக்குகிற தாஹிர் மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “அருளப்பண்ணே, வெளியில நிண்டு எவ்வளவு காலம் கத்தினீங்க, இண்டைக்கு உள்ளுக்கு வந்து நில்லுங்களே” என்று சொன்னார். சனம் எல்லாம் சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதில் சாரத்தை அவிழ்த்துவிட்டு யாருடையதோ களிசானைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

முதல் பந்து என் நெஞ்சில் வந்து தானாகவே பட்டுத் திரும்பியது, கைதட்டினார்கள், இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். அடுத்தது உயரத்தில் வந்தது. பிடித்துவிடலாம் என்று நாலடி முன்னுக்கு வைத்தேன், வெயில் கண்ணுக்குள் குத்தியது, திரும்பிப் பார்த்தால் பந்து வலைக்குள் கிடக்கிறது. மகன், எங்கள் ஆட்கள் ஒருவரும் எனக்கு ஏசவில்லை. எல்லோரும் நடுவுக்கு நடந்துவிட்டார்கள். நான் மட்டும் குனிந்து வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கொஞ்சத் தூரம் நடக்க எனக்குக் கால் வரவில்லை. உனக்குப் பதின்மூன்று வயதில் இதே இடத்தில், “கையில எண்ணெயா பூசிக்கொண்டு நிக்கிறாய்” என்று நான் ஊர் கேட்கக் கத்த, நீ என் பக்கம் பார்க்காமலே பந்தை எடுத்துக்கொண்டு போனது அப்போது என் கண்ணுக்குள் வந்தது. புத்தளத்தில் விளையாடியபோதும் கத்தினேன், கொழும்புக் கழகத்தில் உன்னை எடுத்தபோது பேருந்தில் வந்தும் கத்தினேன், கடைசியில் கடல் கடந்தும் கடிதத்தில் கத்தியிருக்கிறேன். அந்த இடத்தில் ஒருநாளும் நான் நின்று பார்த்ததில்லை. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். முடிந்ததும் தாஹிர் மாஸ்டர் என் தோளில் கைபோட்டு, மூன்றாவதை எட்வின் நின்றிருந்தாலும் பிடித்திருக்க மாட்டான் என்றார். பொய் என்று தெரிந்தும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அப்படி ஒரு வார்த்தை நான் உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கிப்போய் அம்மா எண்ணெய் தடவிவிட்டாள், தடவும்போது சிரிப்பை அடக்க முடியாமல் எழும்பிப் போய்விட்டாள்.

நேற்று மாலைதீவிலிருந்து மாசிக் கருவாடு கொண்டுவந்து வியாபாரம் செய்யும் சாஹுல் ஹமீது நானா வீட்டுக்கு வந்தார். அந்த இறுதிப் போட்டியை மாலேயில் நேரில் பார்த்தவர் அவர். நீ அதற்கு முன்னம் ஒரு பெனால்ரியோடு சேர்த்து ஏழு பந்து பிடித்தாயாம், விரல் முறிந்த பிறகும் கையைக் காட்டாமல் நின்றாயாம். எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு கோல் மட்டும்தான். இன்னொரு கழகத்தார் உன்னைக் கேட்டிருக்கிறார்கள், நீ இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னார். மகன், அந்தக் கடிதம் பிழை. அதை எழுதியது என் பிழை. தோணியில் உனக்கு எந்த நேரமும் இடம் இருக்கிறது, ஆனால் என் வாய்க்குப் பயந்து நீ அதில் ஏறக் கூடாது. இன்னும் கோலுக்குள் நிற்க ஆசை இருந்தால் அந்தக் கழகத்தாருக்கு ஓம் என்று சொல்லு. உன் வேலை உனக்குத் தெரியும்.

சாஹுல் ஹமீது நானா வெள்ளிக்கிழமை புறப்படுகிறார், அவரிடம் இந்தக் கடிதத்தோடு காய்ந்த இறாலும் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். அங்கே கோயில் இல்லை, ஞாயிறு பூசை நேரத்தில் அறையிலிருந்து செபமாலை சொல்லு. கர்த்தர் உன்னைக் காத்து, உன் கைக்கும் மனதுக்கும் பலம் தர வேண்டும் என்று நாங்கள் மூவரும் மன்றாடுகிறோம். பதில் போடும்போது எத்தனை கோல் விட்டாய் என்று எழுத வேண்டாம். காலையில் என்ன சாப்பிட்டாய், உன்னோடு அறையில் இருப்பது யார், அங்கே உனக்குச் சிரிக்க ஆள் இருக்கிறதா என்று எழுது.

உன் அன்பு அப்பா
ம. அருளப்பு