கீழ்பென்னாத்தூர் பஸ்ஸும் படத்தின் முடிவும்

பாய்,

இன்று என் மகள் நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்தின் நெடி பரவியதும் உங்கள் தியேட்டரின் ஆபரேட்டர் ரூம் நினைவுக்கு வந்தது. வெட்டிய பிலிமை ஒட்டுகிற பசைக்கும் இதே நெடிதான்.

தொண்ணூறுகளில், வேலூர் விநியோகஸ்தரின் ஆளாக, படப்பெட்டியோடு திருவண்ணாமலைக்கு வருவேன். முதல் காட்சி ஓடும்போதே எந்தப் பாட்டை வெட்டித் தூக்குவது என்று முடிவு செய்துவிடுவீர்கள். கீழ்பென்னாத்தூருக்குக் கடைசி பஸ் புறப்படும் முன் சாயங்காலக் காட்சியை முடித்தாக வேண்டும். உங்கள் கூட்டத்தில் பாதி அந்தப் பக்கத்து ஜனம். பெட்டி திரும்பும்போது பாட்டை மறக்காமல் ஒட்டி அனுப்புவீர்கள். "பாட்டு ரேடியோல கேட்டுக்கலாம் சார். பஸ்ஸு போயிட்டா காலைல யாரு மாடு கறக்கறது?" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிறகு சினிமாவில் வெளிநாட்டார் முதலீடு செய்யலாம் என்றானது. நான் வேலை மாறிய மும்பை விநியோகக் கம்பெனியில் ஓடியதும் அந்தப் பணம்தான். குறை சொல்வதற்கில்லை. தேய்ந்த பிரிண்டுக்குக் காத்திருந்த ஊருக்கு, சென்னையில் வெளியாகும் அன்றே படம் வந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் பூட்டி வந்தது. ஒரு நொடியைக்கூட வெட்ட முடியாது. காட்சி நேரமும் மேலேயே முடிவாகும். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஓடினால்தான் பணம் போட்டவர்களுக்கு நம்பிக்கை வருமாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் புதுப்படம் வேறு தியேட்டருக்குப் போய்விடும்.

"அவங்களுக்கு நம்மூரு பஸ் டைம் தெரியுமா சார்?"

"நம்மூரே தெரியாது பாய்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள்.

அப்படி வந்த முதல் படம் அண்ணன் தங்கை கதை. உச்சக்கட்டம் தொடங்கும்போதே பாதிக் கூட்டம் பஸ்ஸுக்கு எழுந்துவிட்டது. நீங்கள் கேட் அருகே போய் நின்று, வெளியேறியவர்களுக்கெல்லாம் முடிவைச் சொன்னீர்கள். "அண்ணன் பொழச்சிக்கிறாம்மா. தங்கச்சி கல்யாணத்த அவனே நின்னு நடத்தறான். ஓடுங்க, பஸ்ஸு கெளம்பிடும்."

படத்தில் அவன் செத்துப்போகிறான். ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அழுதுகினே பஸ் ஏறணுமா சார்? முடிவத்தான் காட்ட முடியல. நல்லதாவாவது சொல்லி அனுப்பலாமே."

கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஜனம் வருவதை விட்டது. தியேட்டரை மூடினீர்கள், அடுத்த வருஷமே நீங்களும் கண்மூடிவிட்டீர்கள். கம்பெனி ஒன்றையே காரணமாகச் சொல்ல மாட்டேன். டிவியும் திருட்டு சிடியும் ஜாஸ்தியாகிவிட்ட காலம். ஆனாலும் தியேட்டரை இடித்த அந்தக் காலி இடத்தைத் தாண்டும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டினேன். முன் சீட்டு அம்மாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, அங்கே கடைசியாகப் பார்த்த அண்ணன் தங்கை படத்தைப் பற்றித் தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

"டிவில அவன சாவடிச்சிட்டானுங்க சார். இங்க பாத்தப்போ பொழச்சிக்கினான்."

"ஆமாம்மா, இங்க பொழச்சிக்கினான்" என்றேன்.