அடுப்பில் வைக்காத பதினைந்து கற்கள்

அன்பு மகள் மசினாவுக்கு,

தாவூ தீவிலிருந்து உன் அப்பன் சவேலியோ சொல்லச் சொல்ல, போதகரின் மனைவி எழுதுவது. நானும் உன் அம்மாவும் பன்றிகளும் சுகம். ஹொனலூலுவில் நீயும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கற்கள் எல்லாமே செத்துவிடவில்லை. பதினைந்து உயிரோடு இருக்கின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படி.

செவ்வாய்க்கிழமை நீ தொலைபேசியில், இங்கே விட்டுப்போன கல் சாக்கைக் கப்பலில் ஏற்றி அனுப்பச் சொன்னாய். நானோ, அருமையான கல், ஞாயிற்றுக்கிழமை உமு அடுப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ந்தது, அதன்மேல் வைத்த பன்றி வெண்ணெய் மாதிரி வெந்தது என்று பெருமை பேசினேன். நீ அழ ஆரம்பித்தாய். நெருப்பில் பிறந்த கல்லை நெருப்பு என்ன செய்துவிடும் என்று கேட்டேன். அழுகைக்கு நடுவே நீ விளக்கினாய். கடலடியில் அது வெளியே வந்த கணமே குளிர்ந்த தண்ணீர் அதன் வாயை இறுக மூடிவிட்டது, உள்ளே ஒரு மூச்சு அடைபட்டிருக்கிறது, அடுப்புச் சூட்டில் வாய் திறந்து மூச்சு போய்விடும் என்றாய். அந்த மூச்சைப் பிடித்து வைத்திருப்பது கல்லுக்குள் இருக்கும் பச்சைப் படிக மணிதான், நீ எடுத்துப்போன சாக்கில் அந்தப் பச்சை மணியே இல்லை, மூன்று வருடப் படிப்பும் இந்தச் சாக்கில்தான் என்றாய். கடைசியில், "போச்சுப்பா. எல்லாம் போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாய். பிறகு மூன்று தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் நீயே சொல், சமையல் கொட்டகைப் பக்கம் ஒரு சாக்குக் கல்லை வைத்துவிட்டுப் போனால் இந்த ஊரில் எவன் என்ன நினைப்பான்? விமானத்தில் உன்னையும் பைகளையும் எடை போட்டுப் பார்த்து ஒரு சாக்கை இறக்கினார்கள். அப்பா இதைப் பத்திரமாக வையுங்கள் என்றாய். உமுக் கல்லை நான் எப்போது பத்திரமாக வைக்காமல் இருந்திருக்கிறேன்? மகள் கடலடி மலையிலிருந்து அப்பனுக்குப் புது அடுப்புக் கல் கொண்டுவந்திருக்கிறாள் என்று நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

நீ தொலைபேசியில் அழுத மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பெலேத்தியைத்தான் உனக்குத் தெரியுமே. அவன் ஒரு மாதமாக உன்மேல் கடுப்பாக இருந்தான். "என்னப்பா சவேலியோ, ஆண்டவன் மொதல்ல உண்டாக்குன மண்ணே நம்ம மானுவாத் தீவுங்கதான். ஒம் பொண்ணு நம்மளக் கடைக்குட்டிங்கறாளாமே?" என்றான். நீ வந்திருந்தபோது பாயில் உட்கார்ந்து சொன்னதை நான் ஒரு வார்த்தை மறக்கவில்லை. அடியில் நெருப்பு ஒரே இடத்தில் நிற்கிறது, மேலே கடல்தரை நகர்ந்துகொண்டே போகிறது. ஒரு கறிப்பலாவை அசையாத கொள்ளிமேல் மெல்ல இழுத்தால் வரிசையாகக் கரும்புள்ளி விழுகிற மாதிரி, தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. நாம் கடைசிப் புள்ளி. இன்னும் சூடு ஆறாத புள்ளி. இதைச் சொன்னதும் பெலேத்தி, அதான் உட்கார்ந்தால் உனக்கு எப்போதும் பின்னால் சுடுகிறது என்று கிண்டல் செய்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் விடவில்லை. அந்தக் கொள்ளியின் வேர் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த ஆழத்தில், பூமியின் இரும்பு உருண்டைக்கு மேலே இருக்கிறது என்று நீ நம்புவதையும், பூமி திரண்ட நாளில் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அங்கிருந்துதான் ஏறி வருகிறது என்பதையும் சொன்னேன். "மண்ணுதான் கடைக்குட்டி பெலேத்தி. அதுக்குள்ள இருக்கற மூச்சு ஒலகத்துல எல்லாத்துக்கும் மூத்தது. அதை அளந்து காட்டத்தான் அவ படிக்கிறா" என்றேன். பெலேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப அந்த மூச்சத்தான் ஞாயித்துக்கிழம பன்னியோட தின்னுட்டோமா?" என்று கேட்டான். "நீதான் ரெண்டு தட்டு தின்னே" என்றேன்.

மகளே, அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எந்தக் கல்லையும் நான் அப்படியே அடுப்பில் போடுகிறவன் இல்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, தட்டி, காதில் வைத்துக் கேட்டுத்தான் போடுவேன். பொத்தல் விழுந்த கல்லும் பச்சை மணி வைத்த கல்லும் சூட்டில் வெடித்து ஆள் முகத்தில் தெறிக்கும். சாக்கில் முப்பத்து நான்கு கல் இருந்தது. அடுப்பில் போனது பத்தொன்பது. நீ போன வாரமே தட்டிப் பார்த்து, ஆகாது என்று நான் ஒதுக்கியது பதினைந்து. எனக்கு ஆகாததுதான் உனக்கு வேண்டியது!

உடனே ஊரே கிளம்பியது. ஒவ்வொரு கல்லும் எங்கே போனது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பன்றிப் பட்டிக் கதவுக்கு அண்டை கொடுத்தது இரண்டு. போதகர் வீட்டுத் தகரக்கூரை பறக்காமலிருக்க மூன்று. நாலு கல்லைப் பெலேத்தியே வலைக்குப் பாரமாகக் கட்டிக் கடலில் இறக்கியிருந்தான். இந்த வயதில் அவனே முங்கி எடுத்துவந்தான். கரையில் மூச்சு வாங்க நின்று, "இது பெரிய மூச்சா என் மூச்சான்னு அவளயே அளக்கச் சொல்லு" என்றான். ஆனால் இந்த ஒன்பதிலும் பச்சை மணி கடுகளவுதான். அரிசி அளவு மணி இருந்தால்தான் அளக்க முடியும் என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவை ஆறு. அந்த ஆறும் எங்கே என்று எனக்கு முதலிலேயே தெரியும். அதனால்தான் அவற்றைக் கடைசிக்கு வைத்தேன்.

அவை வீட்டுக்கு முன்னால் உன் அண்ணன் அசோவின் கல்லறையில் இருந்தன. நீ விமானம் ஏறிப் போன வாரம், உன் அம்மா நான் ஒதுக்கிய குவியலில் தேடித் தேடி அவற்றை எடுத்துப்போய்த் தலைமாட்டில் பதித்தாள். நான் ஏனென்று கேட்கவில்லை. அசோவை அடக்கம் செய்த நாளில் நீ கல் எடுக்கும் கப்பலில் நடுக்கடலில் இருந்தாய். ஒருவருக்காகக் கப்பல் திரும்பாது என்பது எனக்குப் புரியும், நானும் கடலில் வேலை பார்த்தவன்தான். அவளுக்கு அது புரிய இரண்டு வருடம் போதவில்லை. நீ வந்த மூன்று நாளும் உனக்குச் சோறு வைத்தாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊரார் வாசலுக்கு வந்ததும் அவள் கல்லறைமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாரையும் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தக் கல் இல்லாவிட்டால் மகளின் மூன்று வருட உழைப்பு வீண் என்றேன். அவள் ஒரு கல்லில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் துடைத்தாள். பிறகுதான் சொன்னாள். "இந்தா பாரு கெழவா, அவ அண்ணனுக்குச் சாவு மரியாதையா ஒரு பாய்கூடக் கொண்டு வரலேன்னு எனக்கு ஆத்தாமை. கல்லாவது கொண்டு வந்தாளேன்னு நானா நெனச்சுக்கிட்டு வெச்சேன்."

என்னை எடுக்க விடவில்லை. தானே ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, தேங்காய்த் தண்ணீரில் கழுவி, தான் இடுப்பில் சுற்றும் துணியைக் கிழித்துச் சுற்றினாள். வெயிலில் அந்தப் பச்சை மணிகள் மின்னியதைப் பார்த்து, இவ்வளவு ஆழத்திலிருந்தா வந்தது என்று இரண்டு தடவை கேட்டாள். நான் கறிப்பலாக் கதையை மறுபடி சொன்னேன். முழுக்கக் கேட்டாள். உன் பெயரைத் தன் வாயால் சொல்லிக் கேட்டாள் மகளே, மசினா இதையெல்லாம் கண்ணால் பார்த்தாளா என்று.

பதினைந்து கல்லும் தென்னை நாரில் பொதிந்து இந்தப் பெட்டியில் இருக்கின்றன. துணி சுற்றிய ஆறும் நடுவில். வியாழக்கிழமைக் கப்பலில் ஏற்றுகிறோம். ஆறுதலாக வேலை செய். அந்த மூச்சு எவ்வளவு மூத்தது என்று தெரிந்ததும் முதலில் எனக்குச் சொல். பெலேத்திக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அசோவின் தலைமாட்டில் ஆறு குழி வெறுமையாக இருக்கிறது. கடற்கரையிலிருந்து கூழாங்கல் கொண்டுபோனேன், உன் அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். யாரும் தொடக் கூடாதாம். யாருக்காக எடுத்தோமோ அவளே வந்து வைப்பாளாம். மழைக்காலம் வருகிறது மகளே. குழியில் தண்ணீர் நிற்கும். அவள் தினமும் காலையில் கையால் இறைத்துக்கொண்டிருப்பாள்.

ஆண்டவர் உன் கையை நடத்துவாராக.

உன் அப்பன்
சவேலியோ
(கைநாட்டு)