எகிப்தில் நான் தோற்ற தேர்வு

மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு வரும் அக்கா ஒருவர் இன்று ஒரு போத்தல் சிவப்பு ரோசல் பூத் தண்ணீர் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் அந்தப் புளிப்பு வாசனை. எகிப்தில் நாம் மருத்துவம் படித்த ஆறு வருஷமும் வார்டு வாசலில் நீ வாங்கித் தந்த கர்கதே இதேதான். நீ செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த அரசு மருத்துவமனையில் ஒரு கட்டிலைச் சுற்றி நாற்பது மாணவர்கள் நிற்போம். மாதக்கணக்கில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு நம்மைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தேர்வு நாளில் பேராசிரியர் வருவதற்குள் தங்கள் நோயை நம் காதில் போட்டுவிடுவார்கள். கடைசி வருஷம் எனக்கு வந்த விவசாயியும் அப்படித்தான். வாய்க்கால் தண்ணீரால் வந்த பில்ஹார்சியா புழு நோய், மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். நான் மகா கெட்டிக்காரி இல்லையா, தொட்டுக்கூடப் பார்க்காமல் அப்படியே ஒப்பித்தேன். பேராசிரியர் விவசாயியின் அங்கியை விலக்கித் தழும்பைக் காட்டினார். மண்ணீரலை எடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டதாம்.

மறுதேர்விலும் தோற்றால் பட்டம் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டியதுதான். அழுதுகொண்டு கிடந்தேன். தேர்ச்சி பெற்ற நீ, உன் ஊர் சிகாமட்டுக்குக் கிளம்ப மூட்டை கட்டி வைத்திருந்தவள், பயணத்தைத் தள்ளிப்போட்டாய். தினமும் மதியம் என்னை வார்டுக்கு இழுத்துப் போனாய்.

"அவங்க சொல்றத கேட்டுக்கோ. ஆனா கைய வச்சுப் பாத்துட்டுத்தான் நம்பணும் லா," என்பாய்.

இரண்டு மாதம். எத்தனை வயிறுகள்! தேறினேன்.

மூன்று வருஷத்துக்கு முன் உன் வீட்டுக்கு வந்தபோது சோற்றைத் தள்ளி வைத்தாய். காஸ்ட்ரிக்தான், மருந்து எடுக்கிறேன் என்றாய். நீ என்னைவிட நல்ல டாக்டர். ஆனாலும் உன்னை சோபாவில் படுக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே படுத்தாய். கல்லீரல் முண்டும் முடிச்சுமாகக் கைக்குத் தட்டுப்பட்டது. புற்று என்று தெரிந்துவிட்டது. நீ என் முகத்தையே பார்த்தாய்.

"முகத்த மாத்தாத டி. சரியாத்தான் பாத்திருக்க."

ஊரார் வயிற்றையெல்லாம் தொட்டவள் உன் வயிற்றை ஏன் கவனிக்கவில்லை? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். என் அறையில் இப்போது யாரும் மருந்து மட்டும் போதும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. படுக்க வைத்துவிடுவேன். கை வைக்கும்போது எனக்குத் தயக்கமே இல்லை. உனக்கே பொய் சொல்லாத கை இது.