பெரட்டுக்கு முன்னால் ஒரு துளி இரத்தம்

இன்று காலை நம் தோட்டத்தில் பரிசோதனைப் பெட்டியைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை வந்தது. கூடவே நீயும் வந்து நின்றாய். மழை தொடங்கும்போது வட்டவளைக் கடையில் மழைக்குக் கட்டும் புதுப் பிளாஸ்டிக் சீட்டு வாங்கி, இடுப்பில் சுற்றிக் கட்டி, லயத்து வாசலில் திரும்பித் திரும்பிக் காட்டுவாயே, அதே வாசனை. "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேனா புள்ள?" என்பாய். தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிற கல்யாணப் பொண்ணு.

ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தோம். நீ பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடையைத் தூக்கினாய். நான் படிக்கப் போனேன். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மலையில் நின்று ஏசிய நாட்களில், சாயந்தரம் இடுப்புச் சீட்டைத் தட்டிக்காட்டி எனக்குப் பாடம் எடுப்பாய். "இதுல தண்ணி ஒட்டுதா பாரு. ஏச்சும் அப்படித்தான். வழிஞ்சி போக விட்டுறணும்." எனக்குக் கோபம் வரும். உனக்குச் சிரிப்பு வரும்.

உனக்குக் காய்ச்சல் கண்ட காலையிலும், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாய். நம் தோட்டத்து வழக்கம் அது. காய்ச்சலோ தலைவலியோ, முதலில் பெரட்டுக் களத்தில் முகம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மருந்துக் காம்பரா திறக்கும். "மழை பெஞ்சா போதும், எல்லாருக்கும் காய்ச்சல் வந்துருது," என்றார் கண்டாக்கு. கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு மலைக்கு ஏறினாய். மறுநாள்தான் மருந்துக் காம்பராவுக்குப் போனாய். குளிசை கொடுத்து அனுப்பினார்கள். "கெண்டக்கால் கடுக்குதுடி, நடக்க முடியல," என்று என்னிடம் சொன்னபோது உன் கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. எலிக்காய்ச்சல் என்று அங்கேதான் சொன்னார்கள். லயத்தில் இன்றும் நீ மழையில் நனைந்து செத்ததாகத்தான் பேச்சு. அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

பிளாஸ்டிக்கில் ஒன்றும் ஒட்டாது என்றாய். ஒட்ட வைப்பதுதான் இப்போது என் பிழைப்பு. கண்டி ஆய்வுகூடத்தில் பிளாஸ்டிக்கின் மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சி, அதன் மேற்பரப்பை மாற்றுகிறோம். கதிர் அதில் தங்காது. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் வைப்பதைப் பிளாஸ்டிக் விடாது, கழுவினாலும் விடாது. அப்படி மாற்றிய சின்னச் சீப்புகள்தான் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு பல்லிலும் எலிக்காய்ச்சல் கிருமியின் புரதம் ஒரு பொட்டாக இருக்கிறது. அந்தக் கிருமியோடு சண்டை போட்ட உடம்பின் இரத்தம் பட்டு, பிறகு மருந்தில் தோய்த்தால், பொட்டு நீலமாகும்.

இதைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வைத்தால் போதும் என்றார் எங்கள் அதிகாரி. "தோட்டத்து ஆக்கள் தேவைன்னா கீழ வருவாங்கதானே?" நீ எப்படிக் கீழே வந்தாய் என்று அவருக்குச் சொன்னேன். கம்பளியில் கிடத்தி, நாலு பேர் தூக்கி. பிறகு நம் தோட்டத்து மருந்துக் காம்பராவில்தான் முதல் பரிசோதனை, இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

இங்கே மருந்துக் காம்பராவுக்கு வந்தால் கண்டாக்கு. ஆள் புதுசு, பேச்சு பழசு. "பெரட்டு நேரத்துல எல்லாரும் இங்க வந்து நின்னா வேலை என்னாகுறது மிஸ்?"

"காய்ச்சக்காரங்க முதல்ல இங்கதான் வருவாங்க ஐயா. அப்புறம்தான் பெரட்டு."

"தோட்டத்துத் தொரைகிட்டக் கேக்கணும்."

"கேளுங்க. நான் திறந்துட்டேன்."

திறந்த கதவை நான் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. காய்ச்சல்காரர்கள் களத்துப் பக்கம் பார்த்துப் பார்த்துத் தயங்கினார்கள். பிறகு மேட்டு லயத்து அக்கா ஒருவர், கூடையோடே வந்தார். சீப்பைப் பார்த்து, "பேன் பாக்கவா கூப்பிட்டீங்க?" என்றார். சிரித்துக்கொண்டே கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலைந்து நாளாகக் காய்ச்சலாம், கொழுந்தும் எடுத்தாராம்.

விரலில் குத்தி இரத்தம் எடுத்தேன். சீப்பைத் தோய்த்தேன், கழுவினேன், மறுபடி தோய்த்தேன். பொட்டு நீலமானது.

அதைக் கண்டாக்கின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "பாருங்க ஐயா. இது மழைக்கு வந்த காய்ச்சல் இல்ல. இவங்க இன்னிக்கி மலைக்குப் போகமாட்டாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. லொறிய அனுப்புங்க." அவர் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லொறிக்கு ஆள் அனுப்பினார். அக்கா தானே நடந்து ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். அதற்குள் கதவடியில் இன்னும் சிலர் வந்து நின்றிருந்தார்கள்.

உன் பழைய இடுப்புச் சீட்டை உன் அம்மா எனக்குத்தான் கொடுத்தார். மழை நாளில் அதைக் கட்டிக்கொண்டுதான் இந்த மலை ஏறுகிறேன். தண்ணீர் இப்போதும் ஒட்டாமல் வழிகிறது. ஆனால் அன்று களத்தில் எழுந்த சிரிப்பு மட்டும் என் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழிந்து போக விடு என்பாய். மாட்டேன் போடி.