ரன்னுக்கு நாற்பத்திரண்டாவது வரி

உன் நோட்டுப் புத்தகத்தில் தைல வாடை அடிக்கிறது. கைப்பையில் எப்போதும் ஒரு குப்பி வைத்திருப்பாயே, அதே வாடை. நேற்று மத்தியானத்திலிருந்து இந்த நோட்டு என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அடிப்பாவி, இப்படி ஒரு காரியம் பண்ணுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லையடி.

உன் வீட்டுக்காரர்தான் கொடுத்தார். நீ போய் மூன்று மாதம் கழித்துப் போன் பண்ணி, "தேக்கா வரைக்கும் வர முடியுமா தங்கச்சி? ஒரு சாமான் கொடுக்கணும்" என்றார். போனேன். தேக்கா மார்க்கெட்டில் நாம் இருவரும் வழக்கமாக உட்காரும் வரிசையில், பால் ஊற்றாத தே ஓ இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பிளாஸ்டிக் பையைப் பிரித்து நோட்டை என் பக்கம் தள்ளினார். அட்டையில் உன் குண்டு எழுத்தில் 'ரன்'.

அந்த விளையாட்டை ஆரம்பித்தது நீயா நானா என்று கடைசிவரை தீரவில்லை. தஞ்சோங் பகார் ஆபீஸில் பத்தொன்பது வருஷம் எதிரெதிர் மேசை. இங்கிலீஷில் வரும் அறிவிப்பை நீ தமிழாக்கினால் நான் சிவப்புப் பேனாவால் திருத்த வேண்டும், நான் தமிழாக்கினால் நீ. தாட்சண்யமே கிடையாது. நீ செம்பவாங்கிலிருந்தும் நான் ஜூரோங்கிலிருந்தும் ரயிலில் வரும் நேரத்தில் ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொண்டு, அதற்கு எத்தனை தமிழ் என்று மாற்றி மாற்றிப் போனில் அனுப்புவோம். அகராதியைத் தொடக்கூடாது. யாராவது பேசி நம் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

வார்த்தைகளிலேயே பெரிய வம்பு இந்த 'ரன்'தான். மனுஷன் ஓடுவான், சரி. குழாயில் தண்ணீர் கொட்டும், மூக்கு ஒழுகும், துணி சாயம் போகும், பஸ் போகும், படம் ஓடும், கடையை நடத்துவோம், பால் தீர்ந்துபோகும். எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ்காரனுக்கு ஒரே 'ரன்'. "அமெரிக்காக்காரன் தேர்தல்ல ஓடுறான், நம்ம ஆளு தேர்தல்ல நிக்கிறான். அப்புறம் எப்படிடி ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருவாங்க?" என்று நீ கேட்டதில், தஞ்சோங் பகாரில் இறங்க வேண்டிய நான் சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கிறவனைக் கண்டால் உனக்கு ஆகாது. "வாய்க்குள்ள போட்டு மென்னு பாரு. கல்லு கடிச்சா துப்பு" என்பாய்.

அப்படிப்பட்ட நீ, போன வருஷம் ஒரு மருத்துவமனை அறிவிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தாய். படித்துவிட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். பக்கம் முழுக்கச் சிவப்பாக்கி உன் மேசையில் வீசினேன். "என்னடி, எழுத்தே மறந்துபோச்சா? தூங்கிக்கிட்டே எழுதினியா?" என்று ஆபீஸ் மொத்தமும் கேட்கக் கத்தினேன். நீ கோபப்படவே இல்லை. தாளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "திருத்தத்தான் நீ இருக்கியே லா" என்றாய். இரண்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டாய். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டுப் பக்கம் யாரும் வர வேண்டாம் என்றாய். நானும் நம்பினேன். கூப்பிடாத வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும் என்ற வீம்பு வேறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. குரலில் அனுப்பிக்கொண்டிருந்தவள் பிறகு தட்டச்சு செய்து அனுப்பினாய். வர வரப் பதில் தாமதமாக வந்தது. எதைக் கேட்டாலும் 'ஓடுது, ஓடுது' என்றே வந்தது. "இருக்கிற தமிழையெல்லாம் கிலோவுக்கு வித்துட்டியா? வெக்கமா இல்ல?" என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் படம் வந்தது. அப்புறம் ஒரு வாரம் எதுவுமே வரவில்லை. கிடக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை காலையில் செய்தி வந்தது. நான் ஜூரோங்கிலிருந்து அடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் மத்தியான லுஹர் தொழுகை முடிந்து உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள். மாரடைப்பு என்று நானாக நினைத்துக்கொண்டேன். துக்க வீட்டில் போய் எப்படி என்று யாரைக் கேட்பது?

நேற்று அவர் சொன்னார். தலைக்குள் கட்டியாம். ஒன்றரை வருஷமாம். முதலில் எழுத்து குழம்பியதாம், அப்புறம் வலது கை, அப்புறம் பேச்சு. அந்தச் சிவப்புத் தாள்! ஆபீஸ் நடுவில் நான் கத்திய கத்து! அப்போதே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் 'திருத்தத்தான் நீ இருக்கியே' என்றிருக்கிறாய்.

"அப்ப எனக்கு வந்த மெசேஜ் எல்லாம்?" என்றேன்.

"நான்தான் தங்கச்சி. நீங்க அனுப்பினதைப் படிச்சுக் காட்டுவேன். எனக்குத் தெரிஞ்ச வார்த்தையா ஒண்ணொண்ணாச் சொல்லுவேன். அவ தலையை ஆட்டினா அனுப்புவேன். நான் கப்பல் யார்டுல வெல்டிங் பார்த்தவன், எனக்கு என்ன தமிழ் தெரியும்? ஓடுது, நிக்குது, அவ்வளவுதான். நீங்க வெக்கமா இல்லன்னு திட்டினது எனக்குத்தான் லா."

அவரே தொடர்ந்தார்.

"அதைப் படிச்சுக் காட்டினேன் பாருங்க, விழுந்து விழுந்து சிரிச்சா. அந்த மாசம் அவ சிரிச்சது அன்னிக்கு மட்டும்தான்."

"ஏண்ணே என்கிட்ட மறைச்சீங்க?" என்று கேட்டேன். என் சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தியம் வாங்கிட்டா. வாய் இருந்தப்பவே சொன்னா. எல்லாரும் வந்து அழுவாங்க, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு தலையைத் தடவுவாங்க. அவ ஒருத்திதான் என்னைத் திட்டித் திருத்துவா, தெரிஞ்சா அவளும் நிறுத்திடுவான்னு சொன்னா."

நிறுத்தியிருப்பேன். ஆமாம், நிறுத்தியிருப்பேன்தான்.

அவர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். முதல் பக்கங்களில், 'ரன்'னுக்கு நாம் சேர்த்த தமிழெல்லாம் வரிசையாக எண் போட்டு, உன் எழுத்தில் முத்து முத்தாக. நான் போனில் திருத்தியதையெல்லாம் சிவப்பு மையில் நீயே எழுதி வைத்திருக்கிறாய். பிறகு எழுத்து கோணுகிறது, வரியை விட்டு இறங்குகிறது. பிறகு அவருடைய எழுத்து. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, பெரிய பெரிய எழுத்தாக, சின்னப் பிள்ளை எழுதியது போல: '42. காய்ச்சல் ஓடுது.' இங்கிலீஷில் காய்ச்சலுக்கும் 'ரன்'தானே.

"இது அவளே இடது கையில எழுதினது. உடம்பு அனலாக் கொதிச்ச அன்னிக்கு. உங்களுக்கு அனுப்பச் சொல்லிக் கையைக் காட்டினா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அனுப்பலை தங்கச்சி. தப்புன்னு எனக்கே தெரிஞ்சுது. இந்த நிலைமையில நீங்க திட்டி எழுதிட்டா, அதை அவளுக்குப் படிச்சுக் காட்ட எனக்கு மனசு வரலை. அனுப்பிட்டேன்னு பொய் சொன்னேன். மூணு நாள் என் போனையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தா."

தே ஓ ஆறிப்போய்விட்டது. இருவரும் குடிக்கவில்லை. "திருத்திக் கொடுங்க" என்றார். என்னால் முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதிக் கொண்டுவருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜூரோங் வரும்வரை அழுதேன்.

மூன்று நாள். பதிலுக்காக நீ படுத்திருந்த அதே மூன்று நாள், 'அவளே முதலில் அனுப்பட்டும்' என்று நான் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். இந்தக் கணக்கு என்னைத் தூங்க விடவில்லை. யாரைத் திட்டுவது? அவரையா, உன்னையா, என்னையா?

இன்று காலையில் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். நீ போனதிலிருந்து நான் அதைத் தொடவில்லை. ஆபீஸில் புதிதாக வந்த பெண்ணின் தாள்களில்கூட 'நன்று' என்று மட்டும் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து அவளுக்கும் திட்டு உண்டு.

நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன். 'ஓடுது' என்பதை ஒரே கோட்டில் அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'அடிக்குது. காய்ச்சல் என்ன பஸ்ஸா, ஓடுறதுக்கு? எருமை, மென்னு பார்த்துட்டு எழுது.'

பிந்திவிட்டது, தெரியும். சாயந்தரம் செம்பவாங்குக்குப் போய் உன் வீட்டுக்காரரிடம் கொடுக்கப் போகிறேன். உன்னை அடக்கிய இடத்துக்குப் போய்ச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்வேன்.