கடல்பசுக் குட்டி

ஐப்பசி 14, புதன். காரைக்குடி.

காலையில் தொண்டியில் அக்கா வீட்டுக்காரர் என்னையும் வள்ளத்தில் கூட்டிப்போனார். வலையில் ஒரு கடல்பசுக் குட்டி சிக்கியிருந்தது. அத்தான் வலையை அறுத்து அதை விடுவித்தார். தாயைக் காணோம். குட்டி போகாமல் வள்ளத்தையே சுற்றி வந்தது.

"கொஞ்ச நேரம் நின்டு பாப்பமா?" என்றார்.

"வானம் கருக்குது அத்தான். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

அவர் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார். குட்டி கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. பிறகு தெரியவில்லை.

இங்கே இருட்டியதிலிருந்து மழை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"உன்னயப் பஸ் ஏத்திவிட்டுட்டு, அந்தக் குட்டியத் தேடித் தனியாப் போனாக. இன்னும் வரலடி" என்றாள்.

அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டுக் கேட்கவும் பயமாக இருக்கிறது. காற்று வேறு ஏறிக்கொண்டே இருக்கிறது.